மானைத் தடுப்போம்! மரணத்தைத் தடுப்போம்!

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின் மற்றும் மின்னணுவியல் துறை, களக்காடு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கத்தில் கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது, பாடம் வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். "படிக்கிற பாடம் பத்தாதா தாயே?" என்று வகுப்பே சிரித்தது. இது பரீட்சைக்கு வராத பாடம்தான். ஆனால் நம்மில் பல பேருடைய வீட்டு வாசலுக்கு வருகிற பாடம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏன் இந்தப் பாடம்?

எனக்கு ஊர் களக்காடு. மேற்கே பார்த்தால் மலை, கீழே பார்த்தால் வாழை. பச்சையாற்றுத் தண்ணீரில் ஏத்தனும் ரசக்கதலியும் விளைகிற ஊர். எங்கள் அப்பா குத்தகைக்கு வாழை போடுகிறார். தார் வெட்டுகிற காலத்தில் மற்றவர்கள் வயலில் சுமை தூக்கவும் போவார். மலையடிவாரத்தில் எங்களுக்குச் சொந்தமாக இருப்பது முப்பது சென்ட் விளை. அதில் அம்மா வெண்டை, கத்தரி, தட்டப்பயறு, கொஞ்சம் கீரை போடுவாள். வரப்போரம் நாலு முருங்கை, ஆறு மாங்கன்று. என் பஸ் பாஸ் தவிர மற்ற கல்லூரிச் செலவெல்லாம் அந்த விளையில் இருந்துதான் வருகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து மேலே படிக்கிற முதல் ஆள் நான்.

போன வருஷம் சித்திரை மாதம் ஒரே ராத்திரியில் தட்டப்பயறு முழுக்கக் காலி. வெண்டையில் நுனி ஒன்றுகூட மிச்சமில்லை. மாங்கன்று மூன்றில் பட்டை உரிந்து தொங்கியது. மிளா வந்து போயிருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் வாங்கின கடன் மட்டும் மேயாமல் அப்படியே நின்றது!

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து விளைக்காரர், நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர், என்னிடம் வந்தார்.

"ஏ பிள்ள, நீ கரண்டு படிப்புதானே படிக்கே? மோட்டார் ரூம்புல இருந்து ஒரு கம்பிய இழுத்து, சுத்திக் கட்டி விட்டுரு. ஒரு மிளா அடிபட்டா மறு மிளா வராது. எங்களுக்கு இழுக்கத் தெரியாது, நீ படிச்சவ, பக்குவமா செய்வ."

இதே கேள்வியை நம் துறை மாணவர்கள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்கள்! படித்த பிள்ளை என்று நம்பித்தான் கேட்கிறார்கள். "முடியாது" என்று மட்டும் சொன்னால் நம் படிப்புக்கு மரியாதை இல்லை. ஏன் முடியாது, வேறு எதைச் செய்யலாம் என்று இரண்டையும் சொல்லத் தெரிய வேண்டும். அந்த இரண்டும்தான் இந்தக் கட்டுரை.

வருவது யார்?

முண்டந்துறை சரணாலயம் 1962-லும், களக்காடு சரணாலயம் 1976-லும் ஏற்பட்டவை. 1988-இல் இரண்டையும் சேர்த்துக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். புலி இருக்க வேண்டுமானால் அதற்கு இரை இருக்க வேண்டும். அந்த இரைதான் நம் விளைக்கு வருகிற விருந்தாளி.

மிளா: புத்தகத்தில் கடமான் என்று போட்டிருக்கும். நம் பக்கத்தில் மிளா என்றால்தான் தெரியும். தோள் உயரமே 4 முதல் 5 அடி வரை வரும். நன்கு வளர்ந்த கிடா 200 கிலோவைத் தாண்டும். பெரும்பாலும் ராத்திரியில் வரும். தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வரும்.

புள்ளிமான்: தோள் உயரம் ஏறக்குறைய 3 அடி. கூட்டமாக வரும். விடியற்காலையும் அந்தி நேரமும் இதற்கு மேய்ச்சல் நேரம். எட்டாத தழை என்றால் பின்னங்காலை ஊன்றி நின்றும் கடிக்கும்.

காட்டை ஒட்டிய ஊருக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் புள்ளிமானுக்காகவே 2013-இல் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். பரப்பு சுமார் 288 ஹெக்டேர்தான். மலையும் கிடையாது, பெருங்காடும் கிடையாது. பக்கத்திலேயே நான்குவழிச் சாலை. தாமிரபரணிக் கரையில் வல்லநாட்டுக் குன்றில் 1987 முதல் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. ஆகவே ஆற்றின் மேல்கோடியில் இருந்து கீழ்ப்பகுதி வரைக்கும் மானும் மனிதனும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

கடித்தது யார்?

மருந்து கொடுக்கும் முன் நோயைப் பார்க்க வேண்டும் அல்லவா? காலையில் விளைக்குப் போனதும் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து செடியைப் பாருங்கள்.

1. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களாலும் மேல்ஈறாலும் பிடித்து இழுத்துக் கிழிக்கும். ஆகவே கடிபட்ட தண்டு நார் நாராக, பிய்ந்தது போல் இருக்கும்.

2. முயல் கடித்தால் பிளேடால் சீவியது போல் சாய்வாக, சுத்தமாக இருக்கும். தரையை ஒட்டித்தான் இருக்கும்.

3. வாழையின் அடியைத் தோண்டிக் கிழங்கைத் தின்றிருந்தால் அது காட்டுப்பன்றி. மண் உழுதது போல் கிடக்கும். மான் மண்ணைத் தோண்டாது.

4. மாங்கன்றில் இரண்டு மூன்றடி உயரத்தில் பட்டை உரிந்து, மரம் பளபளவென்று தெரிந்தால் அது கொம்பு உரசியது. ஆண் மானுக்குக் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். முளைக்கும்போது மேலே மெத்தென்று ஒரு தோல் மூடியிருக்கும். அது காய்ந்ததும் மரத்தில் தேய்த்து உரிக்கும். பட்டை சுற்றிலும் உரிந்துவிட்டால், இலையில் செய்த உணவு வேருக்கு இறங்க வழியில்லை. கன்று பட்டுப்போகும்.

5. ஆட்டுக்கும் மேல்முன்பல் கிடையாது! ஆடு கடித்தாலும் மான் கடித்தது போலவே நார் நாராக இருக்கும். குளம்படியும் புழுக்கையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஊர் ஆடு மேய்ந்துவிட்டுப் போன பழியை மான் சுமப்பதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வேலிக்குச் செலவழிக்காமல், ஆட்டுக்காரரிடம் பேசினாலே போதும்.

ஏன் வருகின்றன?

கோடையில் காட்டில் புல் காய்ந்துவிடுகிறது. உண்ணிச்செடி மண்டிய இடத்தில் புல்லே முளைப்பதில்லை. இந்தப் பக்கம் நாம் தண்ணீர் பாய்ச்சி, உரம் வைத்து, இளசாக வளர்த்த பயிர். காட்டுச் செடியில் நாரும் கசப்பும் அதிகம். நம் தட்டப்பயறில் இரண்டும் குறைவு, சத்து அதிகம். மானுக்கு அது பலகாரக்கடை மாதிரி.

"எல்லாத்தையும் அடிச்சுத் தொலைச்சா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மறுபக்கத்தையும் பார்ப்போம். அந்தமான் தீவுகளில் முன்பு மானே கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இந்தியாவில் இருந்து புள்ளிமானைக் கொண்டு போய் விட்டார்கள். அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. மான் பெருகி, காட்டில் முளைக்கிற இளங்கன்றுகளை எல்லாம் மேய்ந்து, காடே புதுப்பிக்க முடியாத நிலைக்கு வந்தது. நமக்கு மேற்கே மலையில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருப்பதால்தான் மான் இந்த அளவோடு நிற்கிறது. காட்டில் இரையைக் காலி செய்தால் சிறுத்தை எதைத் தேடி வரும்? நம் ஆட்டையும் நாயையும்தான்.

ஆகவே நம் வேலை மானை ஒழிப்பது அல்ல. அது விளைக்குள் வராமல் தடுப்பது.

மின்சாரம் இல்லாத வழிகள்

(அ) உயர வேலி: மானுக்குத் தாண்டுவதில் கெட்டிக்காரத்தனம் அதிகம். நான்கடி, ஐந்தடி வேலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உலகத்தில் மான் தொல்லை உள்ள பல இடங்களில் 8 அடி, அதாவது 2.4 மீட்டர் வேலிதான் நம்பத்தக்கது என்று சொல்கிறார்கள். அடிப்பக்கம் இடைவெளி இருக்கக் கூடாது. சின்னச் சந்து கிடைத்தால் மான் தாண்டாமல் குனிந்து நுழைந்துவிடும்.

(ஆ) இரட்டை வேலி: எட்டடிக்குக் காசில்லை என்றால் இது ஒரு யுக்தி. நான்கு அல்லது ஐந்தடி உயரத்தில் இரண்டு வேலி, நடுவில் நான்கைந்து அடி இடைவெளி. மான் உயரமாகவும் தாண்டும், நீளமாகவும் தாண்டும். ஒரே தாவலில் இரண்டையும் செய்வது கஷ்டம். நடுவில் இறங்கினால் மறுபடி தாவ இடம் போதாது என்று தயங்கும். நடுச்சந்தில் கோழி வளர்க்கலாம், இடமும் வீணாகாது.

(இ) சேலை வேலி: நம் ஊரில் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுகிறார்களே, அதைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது. அதில் மூன்று விஷயம் இருக்கிறது. மனித வாடை, காற்றில் அசைவு, மறைப்பு. அந்தப் பக்கம் எங்கே கால் ஊன்றுவது என்று தெரியாவிட்டால் மான் தாவத் தயங்கும். கலர் பற்றி ஒரு செய்தி: மான் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். ஆகவே சிவப்புச் சேலைதான் வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. ஆனால் பழகிவிட்டால் பயம் போய்விடும். சேலையை இடம் மாற்றிக் கட்ட வேண்டும்.

(ஈ) வாடை மருந்து: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு முட்டையை அடித்துக் கலக்கி, துணியில் வடிகட்டி, கன்றுகள் மேல் தெளிக்கலாம். முட்டை அழுகும்போது வருகிற கந்தக வாடை, பக்கத்தில் ஊன் தின்னும் மிருகம் இருக்கிறது என்று மானை நினைக்க வைக்கிறது. நமக்கு அந்த வாடை சீக்கிரம் போய்விடும், மானுக்கு இருக்கும். மழை பெய்தால் திரும்பத் தெளிக்க வேண்டும். புதுத் துளிர் வந்தாலும் தெளிக்க வேண்டும். பூச்செடிக்கும் மரக்கன்றுக்கும் இது சரி. நாம் பறித்துத் தின்கிற கீரை, காய் மேல் தெளிக்க வேண்டாம். சலூனில் இருந்து முடி வாங்கிப் போடுவதும் உண்டு. அது சில நாளைக்குத்தான் பலிக்கும்.

(உ) செடியைத் தேர்ந்தெடுத்து நடுதல்: ஆடு தொடாத செடி என்பதால் ஆடாதொடை என்று பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆடு ஒதுக்குவதை மானும் பெரும்பாலும் ஒதுக்கும். ஆடாதொடை, நொச்சி, எருக்கு, கற்றாழை ஆகியவற்றை ஓரத்தில் நடலாம். மஞ்சள், இஞ்சி, சேனை ஆகியவை காட்டுப்பக்க வரிசைக்கு ஏற்றவை. தட்டப்பயறு, வெண்டை, செம்பருத்தி, ரோஜா இவற்றை வீட்டை ஒட்டி வையுங்கள். ஆனாலும் பசித்த மான் எதையும் ஒரு வாய் கடித்துப் பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

(ஊ) உயிர்வேலி: கிளுவைப் போத்தை நெருக்கமாக ஊன்றினால் வேலியாகிவிடும். களாச் செடி முள்ளும் உண்டு, பழமும் உண்டு. களா நிறைந்த காடு என்பதால்தான் எங்கள் ஊருக்குக் களக்காடு என்று பெயர் வந்தது என்பார்கள். ஊர்ப்பெயரிலேயே வேலி இருக்க, நாம் கம்பியைத் தேடி அலைகிறோம்! உயிர்வேலி அடர்த்தியாக இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை முன்சொன்ன வழிகளைத் துணைக்கு வைத்துக் கொள்ள வேண்டும்.

(எ) கன்றுக் காப்பு: ஒவ்வொரு மரக்கன்றையும் சுற்றி மூங்கில் தப்பையோ கம்பி வலையோ ஐந்தடி உயரத்துக்குக் கட்டினால் கொம்பு உரசல் நிற்கும். இது மிளா வருகிற விளைக்குக் கட்டாயம்.

(ஏ) காவல்: தினைப்புனத்தில் பரண் கட்டிக் காவல் இருந்தது சங்க காலத்திலேயே உண்டு. குளிர், தட்டை என்று ஒலி எழுப்பும் கருவிகளே வைத்திருந்தார்கள். இன்றைக்குத் தகர டப்பாவும் டார்ச்சும். ஒரே சத்தத்தைத் தினமும் எழுப்பினால் மான் பழகிவிடும். இன்று சத்தம், நாளை வெளிச்சம் என்று மாற்ற வேண்டும். கோடையில் காட்டோரம் வெடி போட வேண்டாம். தீப்பிடித்தால் மலையே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கடற்கரை ஊர்களில் இருந்து பழைய நைலான் மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது என்று தொய்வாகக் கட்டுகிறார்கள். கொம்பு சிக்கினால் மான் துடித்துச் செத்துப்போகும். வலை கட்டுவதென்றால் விறைப்பாக, கம்பத்தோடு இழுத்துக் கட்டுங்கள்.

மோட்டார் ரூம் கம்பி ஏன் கொல்கிறது?

இப்போது நம் துறைக்கு வருவோம். ஓம் விதி எல்லோருக்கும் தெரியும். ஈரமான உடம்பு, வெறுங்கால். உடல் மின்தடை 1000 ஓம் என்று வைத்துக் கொள்வோம்.

மின்னோட்டம் = 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர் = 230 மில்லி ஆம்பியர்.

ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசை இறுகிவிடும்; பிடித்த கம்பியை விட முடியாது. வீட்டில் நாம் மாட்டுகிற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருக்குள் இணைப்பைத் துண்டிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதற்கு மேலே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும் என்பதால்தான் அந்தக் கணக்கு. இங்கே ஓடுவது 230!

"பியூஸ் போயிரும்லா?" என்று சித்தப்பா கேட்டார். நல்ல கேள்வி. மோட்டார் பியூஸ் பல ஆம்பியர் தாங்கும். ஒரு மனிதன் வழியே ஓடுவது கால் ஆம்பியர்கூட இல்லை. பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. பியூஸ் காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. இதை ஊரில் ஒவ்வொருவருக்கும் நாம் சொல்ல வேண்டும்.

நான் அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். "சித்தப்பா, ராத்திரி அந்தக் கம்பியை முதல்ல தொடப்போறது மிளா இல்ல. விடியக்காலம் நாலு மணிக்கு மம்பெட்டியோட மடை திருப்ப வாரது யாரு? எங்க அப்பா. அடுத்து நீங்க." அவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

நான் பயமுறுத்தவில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அத்தனை பெரிய யானைக்கே அந்தக் கதி என்றால் நம் உடம்பு எம்மாத்திரம்?

சோலார் வேலி ஏன் கொல்வதில்லை?

"அதுல அஞ்சாயிரம் வோல்ட்டுன்னு சொல்லுதாங்களே, இது இருநூத்து முப்பதுதானே?" என்று கேட்பார்கள். நம் பாடத்துக்கே இதுதான் முக்கியமான இடம். பைக்கின் ஸ்பார்க் பிளக்குக்குப் போவதும் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல்தான். வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு நேரம், எவ்வளவு ஆற்றல் என்று பார்க்க வேண்டும்.

சோலார் தகடு 12 வோல்ட் பேட்டரியை ஏற்றுகிறது. பெட்டிக்குள் இருக்கும் சுற்று அந்த 12 வோல்ட்டைச் சில நூறு வோல்ட்டாக உயர்த்தி, மின்தேக்கி ஒன்றில் சேர்த்து வைக்கிறது. நம் லேபில் கெப்பாசிட்டர் என்போமே, அதுதான். பிறகு தைரிஸ்டர் திறக்கிறது. மின்தேக்கியில் இருப்பது மொத்தமும் ஒரு மின்மாற்றி வழியே ஒரே நொடிப்பில் வேலிக்குப் போகிறது. மறுபடி நிரம்ப ஒரு வினாடிக்கு மேல் ஆகும். அதுவரை கம்பியில் ஒன்றுமில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, மின்தேக்கி 10 மைக்ரோ ஃபாரட், 600 வோல்ட்:

ஆற்றல் = ½ × 0.00001 × 600 × 600 = 1.8 ஜூல்.

அவ்வளவுதான் ஒரு அடிக்கு உண்டு. அதற்கு மேல் கேட்டாலும் அதனிடம் இல்லை. மோட்டார் ரூம் கம்பியில் என்ன? 230 × 0.23 = சுமார் 53 வாட். அதாவது ஒவ்வொரு வினாடியும் 53 ஜூல், நிற்காமல். கையும் ஒட்டிக் கொள்ளும்.

இந்தப் பெட்டிகளுக்கு இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது: ஐ.எஸ். 302, பகுதி 2, பிரிவு 76. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் குறைந்தது ஒரு வினாடி இடைவெளி வேண்டும். 500 ஓம் தடையில் ஒரு துடிப்பு 5 ஜூலைத் தாண்டக் கூடாது. ஆகவே யாரோ கடையில் சேர்த்துக் கொடுத்த பெட்டியை வாங்காதீர்கள். தர எண் பார்த்து வாங்குங்கள். நாமே லேபில் செய்து பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம்!

கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

* எர்த் நன்றாக இருந்தால்தான் மானுக்கு அடி கிடைக்கும். மின்சாரம் கம்பியில் இருந்து மான் உடம்பு வழியே மண்ணுக்கு இறங்கி, எர்த் கம்பி வழியே பெட்டிக்குத் திரும்ப வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

* வேலி எர்த்தும் மோட்டார் எர்த்தும் ஒன்றாக இருக்கக் கூடாது. குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

* புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதில் கசிந்துவிடும். வாரம் ஒரு தடவை அறுத்துவிட வேண்டும்.

* மானின் மேல்ரோமம் மின்சாரத்தை எளிதில் விடாது. மூக்கு பட்டால்தான் சுரீர் என்று உறைக்கும். ஆகவே மூக்கு உயரத்துக்கு ஒரு கம்பி அவசியம்.

* மேலே போகிற மின்வாரியக் கம்பிக்கு அடியில் வேலியைக் கொண்டு போகாதீர்கள். வழிநெடுக மஞ்சள் எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக மின்னல் படமும் போடுங்கள். எங்கள் ஆச்சி மாதிரி ஆட்கள் இன்னும் ஊரில் நிறைய உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி மிளா, புள்ளிமான் இரண்டையும் கொல்வது குற்றம். பயிரை மேய்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. மோட்டார் இணைப்பில் இருந்து வேலிக்கு மின்சாரம் எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படியும் குற்றம். ஆள் செத்தால் கம்பி இழுத்தவர் மேல் உயிரிழப்பு வழக்கு வரும். இழுத்துக் கொடுத்தது டிப்ளமோ மாணவர் என்றால் அவர் வாழ்க்கையும் அதோடு சரி.

2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவதற்கு விதிகள் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலத்தில் சோலார் வேலி போடுவதானாலும் முன்அனுமதி வாங்க வேண்டும். 2025 ஜனவரியில் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு அரசு ஆணை வந்ததே என்று கேட்பீர்கள். அது பன்றிக்கு மட்டும். காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும். சுடுகிறவர்கள் வனத்துறையினர் மட்டும். நமக்கோ மானுக்கோ அது பொருந்தாது.

சோலார் வேலிக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் கொடுத்து வந்திருக்கிறது. தொகை வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால் கம்பி வாங்கும் முன் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சேதம் ஆனால் அன்றைக்கே போட்டோ எடுத்து, சிட்டா, அடங்கலோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். நாலு நாள் கழித்துப் போனால் பார்க்க அங்கே தடயம் இருக்காது. நம் அப்பா அம்மாவுக்கு மனு எழுதத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியுமே!

எங்கள் விளையில் செய்தது

முப்பது சென்டுக்கு சோலார் வேலி கட்டுப்படியாகாது. எனவே இப்படிச் செய்தோம். தட்டப்பயறையும் வெண்டையையும் கிணற்றுப் பக்கம் கொண்டுவந்தோம். மலைப்பக்க வரிசையில் மஞ்சளும் சேனையும் வைத்தோம். பழைய வேலிக்கு உள்ளே நாலரை அடி தள்ளி இன்னொரு வேலி, சவுக்குக் கம்பும் பழைய சேலையுமாகக் கட்டினோம். சித்தப்பா வீட்டுச் சேலையும் அதில் உண்டு. மாங்கன்று ஒவ்வொன்றுக்கும் மூங்கில் கூடு. நடுச்சந்தில் களாவும் கிளுவையும் நட்டிருக்கிறோம். வாரம் ஒரு தடவை சேலையை இடம் மாற்றுவது என் வேலை.

மொத்தச் செலவு கம்புக்கும் கயிற்றுக்கும்தான். அதற்குப் பிறகு மிளா வரவே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை சேனை வரிசையில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போய்விட்டது. இன்னொரு தடவை மழையில் சேலை கிழிந்த இடம் வழியாக நுழைந்து வெண்டையில் ஒரு பாத்தி போயிற்று. மற்றதெல்லாம் நின்றது. இந்தப் பருவத்துக்கான பீஸ் அந்த வெண்டையில்தான் கட்டினேன். பக்கத்து விளையில் சித்தப்பாவும் மூன்று பேரும் சேர்ந்து, நான்கு நிலத்துக்கும் பொதுவாக ஒரே சோலார் வேலி போட மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தனித்தனியாகப் போட்டால் நான்கு பெட்டி, நான்கு எர்த். சேர்ந்து போட்டால் ஒரு பெட்டி போதும், சுற்றளவும் குறைகிறது. அந்த மனுவையும் வரைபடத்தையும் நான்தான் எழுதினேன்.

முடிவாக

நண்பர்களே! நம்மிடம் ஊர்க்காரர்கள் கேட்பது கம்பி இழுக்கத் தெரிந்த கையை. நாம் கொடுக்க வேண்டியது கணக்குப் போடத் தெரிந்த மூளையை. மெக்கானிக்கல் நண்பர்கள் உறுதியான வேலிக் கம்பம் எப்படிச் செய்வது என்று சொல்லலாம். சிவில் நண்பர்கள் சுற்றளவை அளந்து எஸ்டிமேட் போட்டுக் கொடுக்கலாம். நம் துறை நண்பர்கள், மோட்டார் ரூமில் இருந்து வேலிக்குப் போகிற ஒரு வயரைக் கண்டால், அண்ணாச்சியோ பெரியப்பாவோ யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து இந்த 230-ஐ 1000-ஆல் வகுத்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தக் கணக்கு புரியும். எங்கள் அப்பாவுக்குப் புரிந்தது.